நான் பார்க்காத படம்



இந்த வாரச் சிந்தனை திரைப்படங்களைப் பற்றியது. மூத்தவர்களில் சிலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் வரிக்குத் திரும்பக்கூடும். பிரசங்க பீடத்தில் நின்று சினிமாவைக் கடிந்துகொண்ட என் குரலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இவ்வாண்டு விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமாகிய 61 நாட்களில், அதாவது 2025 ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நான் ஏழு படங்கள் பார்த்தேன். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் மொத்தமாகக்கூட அத்தனை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றையும், அவற்றைப் பார்க்க நேர்ந்த காரணத்தையும் எழுதுகிறேன். காரணத்தை எழுதுவதுதான் எனக்குக் கடினம். அது ஓர் அறிக்கையிடுதல்.

2013 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளியன்று மணிரத்னத்தின் 'கடல்' வெளியாகியிருந்தது. நம் சபையின் பாடகர் குழுவில் அப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சனிக்கிழமை மாலை நண்பர்களோடு பேருந்தேறிப் பொன்னேரிக்குச் சென்று அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். செய்தி இரவே என் காதுக்கு வந்தது. மறுநாள் ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவே, அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். "சனிக்கிழமை சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்த வாயால் ஞாயிற்றுக்கிழமை துதி பாட முடியுமா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் உட்காரச் சொல்லும்வரை நின்றான். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தை இருக்கையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வரவில்லை.

அவன் தகப்பன் இல்லாத பிள்ளை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து தந்தை இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அடக்க ஆராதனையை நடத்தியவன் நான்தான். தாயோ ஒரு ஞாயிறும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அமர்வார். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

என்னை நியாயப்படுத்திக்கொள்வதற்காக அல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்வதற்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். நான் வளர்ந்த வீட்டில் சினிமா என்ற சொல்லே மெல்லிய குரலில்தான் சொல்லப்படும். ஆயினும் அதே வீட்டார்தான், 1978இல் தெலுங்கில் வெளிவந்த 'கருணாமயுடு' என்னும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊழியக்காரர்கள் தமிழில் பேசவைத்துக் கொண்டுவந்தபோது, இரண்டு பனைமரங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்ட உதவினார்கள். ஊரே மணலில் உட்கார்ந்து பார்த்தது. சிலுவைக் காட்சியில் என் பாட்டி துணியை நோக்கிக் கைகூப்பினார். ஒரு துணியும் ஒரு விளக்கும் மனிதரை அழவைக்கக்கூடும் என்பதை நான் பத்து வயதிலேயே அறிந்திருந்தேன். அறிந்திருந்தும், பொன்னேரியில் ஓடிய படம் எதைப் பற்றியது என்று அந்தப் பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இவ்வாண்டு பரிசுத்த வாரத்தின் செவ்வாய்க்கிழமையன்று தடைக்காலம் தொடங்கியது. ஏரியில் நண்டும் இறாலும் பிடிப்போருக்கு அத்தடை இல்லை. ஆனால் நம் குப்பத்திலிருந்து காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குச் செல்பவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். அவனும் திரும்பியிருந்தான். இனி 'அவர்' என்றே எழுதவேண்டும். இருபத்தெட்டு வயது, மனைவி, நான்கு வயதில் ஒரு மகள். உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த வாரத்தில் அவருடைய தாய்க்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. விசாரிக்கச் சென்றேன். ஜெபித்து முடித்துக் கண் திறந்தபோது, திண்ணையில் அவர் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கடல் சத்தம் கேட்டது. அருகே போய் உட்கார்ந்தேன்.

"என்ன படம் தம்பி?" என்றேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "பேய்ப் படம் ஐயா. உங்களுக்கு வேணாம்" என்றார்.

"பரவாயில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடி, எனக்கும் தெரியட்டும்" என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் இதுதான்.

அந்தப் படம் 'கிங்ஸ்டன்'. ஜி.வி.பிரகாஷ் குமார் நடித்து, மார்ச் 7 அன்று வெளியானது. கமல் பிரகாஷ் இயக்கியிருக்கிறார். ஒரு மீனவ ஊர். அதன் கடலில் சாபம். இறங்குகிறவர்கள் உயிரோடு திரும்புவதில்லை. ஆகையால் ஊரார் தங்கள் சொந்தக் கடலுக்குள் போகமுடியாமல் கரையிலேயே வாடுகிறார்கள். ஓர் இளைஞன் துணிந்து படகை எடுக்கிறான். கடலுக்குள் பேய்க்கதை என்ற எண்ணம் எனக்குப் புதுமையாக இருந்தது. காட்சிகளுக்காக நிறைய உழைத்திருக்கிறார்கள். ஆனால் முன்கதைக்குள் முன்கதை என்று அவிழ்த்துக்கொண்டே போனதில் நான் வழி தவறிவிட்டேன். பயமுறுத்தும் இடங்களில் இசை மிகவும் உரக்க ஒலிக்கிறது. நான் அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "நடுக்கடல்ல பயம் வந்தா சத்தமே இருக்காது ஐயா. இன்ஜின் நின்னுபோற அந்த ஒரு நிமிஷம்தான் பயம்" என்றார்.

இருந்தும் அந்தப் படம் எனக்குள் ஒரு நினைவை எழுப்பியது. சொந்தக் கடலுக்குள் போகக்கூடாது என்ற நிலை நமக்குக் கதையல்ல. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வருகிறது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும்போது படகுகள் வெளியேற வழியில்லாமல் போகிறது. பேயில்லாமலே இந்த நிலையை ஒரு படமாக எடுக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "எடுத்தா யாரு பாப்பாங்க?" என்றார். நியாயமான கேள்வி.

இரண்டாவது படத்திற்கு அவருடைய தாயும் சேர்ந்துகொண்டார். கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு, பார்ப்பதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி 7 அன்று வெளியான 'தண்டேல்' என்ற தெலுங்குப் படம். தமிழ்ப் பேச்சோடும் கிடைக்கிறது. நாக சைதன்யாவும் சாய் பல்லவியும் நடித்திருக்கிறார்கள். சந்தூ மொண்டேட்டி இயக்கம். இது நடந்த செய்தியைத் தழுவியது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பகுதி மீனவர்கள் பிழைப்புக்காகக் குஜராத் சென்று அங்குள்ள படகுகளில் வேலை செய்கிறவர்கள். 2018 நவம்பரில் அவர்களில் சிலர் எல்லை தாண்டியதாகப் பாகிஸ்தானிடம் பிடிபட்டு, சிறையிலிருந்து 2020 ஜனவரியில்தான் ஊர் திரும்பினார்கள். நம் ஏரியின் பெரும்பகுதியும் ஆந்திராவில்தான் இருக்கிறது. எல்லை எங்கே என்று தண்ணீரில் கோடு தெரியாது என்பது நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காத்திருக்கும் பெண்ணாகச் சாய் பல்லவி நடித்திருப்பது மிகச் சிறப்பு. போகாதே என்று கெஞ்சுவதும், போனபின் கோபிப்பதும், பிடிபட்டான் என்றறிந்தபின் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் தவிப்பதும் நாம் அன்றாடம் காண்பவை. சிறைக்குள் கதை நுழைந்தபின் முழக்கங்கள் கூடிவிடுகின்றன. அடைபட்ட கூலிக்காரர்களின் களைப்பு அந்த முழக்கங்களில் மறைந்துபோகிறது. என் கருத்து இவ்வளவுதான். ஆனால் அந்தத் தாய் சொன்னது என் கருத்தைவிடக் கூர்மையானது.

"அந்தப் பொண்ணு அழுவறதெல்லாம் சரிதான், பாஸ்டர் ஐயா. ஆனா அத்தனை மாசம் அடுப்பு எரிஞ்சிருக்குமே, அரிசி யாரு கொடுத்தாங்க? அதைக் காட்டலியே" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கு ஆறு மாசம் கொடுத்தது கடைத்தெரு பாய்தான். கணக்கு எழுதவே இல்லை" என்றார்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர்களுடைய போதகன் நான். அந்த அரிசியைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு படத்தின் குறையைச் சொல்லப்போய்த்தான் அது வெளியே வந்தது.

அடுத்ததாக 'குட் பேட் அக்லி'. ஆதிக் ரவிச்சந்திரன் இயக்கி, அஜித்குமார் நடித்து, ஏப்ரல் 10 அன்று வெளியானது. வன்முறையை விட்டொழித்த ஒரு தாதா, மகனுக்காக மறுபடியும் அதற்குள் இறங்குகிறார். தம்பிக்கு இது திருவிழா, எனக்குத் தலைவலி. அஜித்தின் பழைய படங்களை நினைவூட்டும் இடங்கள் வரும்போதெல்லாம் அவர் துள்ளினார். அந்தப் பழைய படங்களை நான் பார்த்திருந்தால்தானே எனக்குப் புரியும்? வேற்று ஊர்த் திருவிழாவுக்குப் போனவன் நிலைதான் எனக்கு. கொலையை விளையாட்டாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை என்றேன். "அது நிஜம்னு யாரு நினைக்கிறாங்க ஐயா? பட்டாசு மாதிரிதான்" என்றார். அவர் மகள் அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "பாப்பாவுக்குப் பட்டாசு எது, குண்டு எது என்று தெரியுமா?" என்றேன். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விட்டுவிட்டு வந்தார். எங்கள் முதல் வாக்குவாதம் அப்படி முடிந்தது. பெற்றோரே, தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ என்ற பிரிவே 7, 13, 16 என வயதுவாரியாக வகுக்கப்பட்டிருக்கிறது. கைபேசியைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் அந்த எண்ணை ஒரு கணம் பாருங்கள்.

மே மாதத்தில், "இதைக் கொட்டகையிலதான் பாக்கணும்" என்று அவர் என்னைப் பொன்னேரிக்கு அழைத்தார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர்ப் பயணம். பேருந்தில் என் நெஞ்சு படபடத்ததை மறைக்கமாட்டேன். மேற்சட்டைப் பையிலிருந்த சிறிய வேதாகமத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். பிறகு அது இன்னும் மோசம் என்று தோன்றி, மறுபடியும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். இடைவேளையில் விளக்குகள் எரிந்தபோது, இரண்டு வரிசைக்கு முன்னால் நம் சபையின் இரு சகோதரிகள் பாப்கார்ன் பொட்டலத்தோடு திரும்பினார்கள். மூவரும் திகைத்தோம். அவர்கள் பழக்கத்தில் "ஸ்தோத்திரம் ஐயா" என்றார்கள். நானும் "ஸ்தோத்திரம்" என்றேன். ஒருவர் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார், எடுத்துக்கொண்டேன். அச்சகோதரிகள் இதை வாசிப்பார்கள் என்றறிவேன். உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் படம் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. மே 1 அன்று வெளியானது. சசிகுமார், சிம்ரன் நடிப்பு. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இது முதல் படமாம். பொருளாதார நெருக்கடியால் வாழ வழியற்ற ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம் இரவில் படகேறி ராமேஸ்வரம் பக்கம் கரையிறங்குகிறது. பிறகு சென்னையின் ஒரு குடியிருப்பில், தாங்கள் யார் என்பதை மறைத்து வாழ முயல்கிறது. அந்தத் தெருவில் ஒருவரையொருவர் அறியாமல் கதவடைத்து வாழ்கிறார்கள். ஒளிந்து வாழவேண்டிய குடும்பமோ ஒவ்வொரு கதவாகப் பேச்சுக் கொடுக்கிறது. நான் பார்த்த ஏழில் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. இத்தனை சிரிப்பும் இத்தனை கண்ணீரும் ஒருவரையும் இழிவுபடுத்தாமல் வருவது அரிது. கொட்டகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்ததில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கைபேசியில் அது கிடைப்பதில்லை.

குறையும் உண்டு. படத்தில் ஏறக்குறைய எல்லாருமே நல்லவர்களாகிவிடுகிறார்கள், அதுவும் விரைவாக. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, படித்து, மணமுடித்து, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தும் குடியுரிமைக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. அன்பான அண்டைவீட்டார் எத்தனைபேர் கிடைத்தாலும் ஒரு தாளில் முத்திரை விழாதவரை அவர்கள் கதை முடிவதில்லை. இரண்டு மணி நேரத்தில் தீரும் கதையைக் கண்டு மகிழ்ந்துவிட்டு, பக்கத்து ஊர் முகாமுக்கு ஒருமுறைகூடப் போகாதவனாக நான் இருந்தால், குறை படத்தில் மட்டும் இல்லை. வரும் மாதம் வாலிபர் கூடுகையினரோடு அங்கே சென்று வர எண்ணியிருக்கிறேன். வர விரும்புவோர் என்னிடம் சொல்லுங்கள்.

மே 16 அன்று வந்த 'மாமன்' படத்துக்கு இரண்டு குடும்பமாகப் போனோம். என் துணைவியாரும் வந்தார். பிரசாந்த் பாண்டிராஜ் இயக்கம். சூரி, ஐஸ்வர்யா லக்ஷ்மி, சுவாசிகா நடித்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் குழந்தையில்லாமலிருந்த அக்காளுக்குப் பிறந்த பிள்ளைமேல் தாய்மாமன் வைத்த பாசம், மாமனுடைய மணவாழ்வையே நெருக்குகிறது. தாய்மாமன் உறவை உயர்த்திப் பேசும் படங்கள் தமிழில் உண்டு. அந்தப் பாசம் மனைவியைத் தன் வீட்டிலேயே அந்நியளாக்கிவிடலாம் என்று கேட்டது இப்படத்தின் துணிவு. ஆனால் நம்மை அழவைத்தேயாகவேண்டும் என்று ஒவ்வொரு காட்சியும் விரதம் பூண்டிருக்கிறது. "சமையல் நல்லாத்தான் இருக்கு, உப்பு மட்டும் ரெண்டு தடவை போட்டுட்டாங்க" என்று என் துணைவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அழுகையும் விமரிசனமும் ஒரே நேரத்தில் வருவது அவருக்குக் கைவந்த கலை.

ஜூன் 5 அன்று 'தக் லைஃப்'. 1987இன் 'நாயகன்' படத்துக்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து மணிரத்னமும் கமல்ஹாசனும் இணைந்த படம் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு. ஒரு தாதா, தகப்பனை இழந்த சிறுவனை எடுத்து வளர்க்கிறார். வளர்ந்த அவனாகச் சிலம்பரசன் வருகிறார். பின்னர் அவர்களுக்கிடையே சந்தேகமும் துரோகமும் நுழைகின்றன. படம்பிடித்த விதத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஏன் இத்தனை வெறுக்கிறார்கள் என்பது என் மனத்தில் வந்து தங்கவில்லை. நடுவே நிகழ்ந்திருக்கவேண்டிய ஏதோ ஒரு சிறு பேச்சு, ஒரு சிறு காயம், படத்தில் இல்லை என்று தோன்றியது. தம்பிக்கும் ஏமாற்றம்தான். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "இவர்தான் ஐயா அந்தக் 'கடல்' எடுத்தவர்."

அந்தச் சொல் எங்களிடையே முதன்முறையாக உச்சரிக்கப்பட்டது. நான் என்ன சொல்வதென்று அறியாமல், "அதை நான் இன்னும் பார்க்கவில்லை" என்றேன்.

"தெரியும்" என்றார்.

ஜூன் 14, சனிக்கிழமை. நள்ளிரவோடு தடை முடிகிறது. அன்றிரவே அவர் காசிமேட்டுக்குப் புறப்படவேண்டும். பிற்பகலில் போதகர் இல்லத்துக்கு வந்து, என் மேசைமேல் கைபேசியைச் சாய்த்துவைத்தார். 'கடல்' படத்தைப் பார்த்தோம்.

அப்படத்தின் கதையும் வசனமும் ஜெயமோகன், இசை ஏ.ஆர்.ரகுமான். மணப்பாடு பக்கத்துக் கடற்கரைதான் களம். கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு கடலோர ஆலயத்துக்குச் சாம் என்ற பாதிரியார் வருகிறார், அரவிந்த்சாமி நடித்திருக்கிறார். ஊரார் ஒதுக்கிய ஓர் அநாதைச் சிறுவன், தாமஸ். முரட்டுப் பிள்ளை. யாரும் கிட்டச் சேர்க்காத அவனை அந்தப் பாதிரியார் அருகில் சேர்த்துக்கொள்கிறார், பேசுகிறார், அவன் சொல்வதைக் கேட்கிறார். பிறகு சாம் மேல் ஒரு பழி விழுகிறது. ஊர் ஒன்றும் விசாரிக்கவில்லை. கூடி நின்று தீர்ப்பளித்துவிடுகிறது. அவர் சிறைக்குப் போகிறார். ஆதரவற்ற தாமஸ் தீயவன் ஒருவனிடம் போய்ச் சேர்கிறான்.

ஒரு பார்வையாளனாகச் சொல்வதானால், படத்தின் முதற்பாதி மிக உயர்ந்தது. பாதிரியாரும் சிறுவனும் வரும் பகுதிகள் மனத்தைவிட்டு அகலாதவை. பின்பாதியில் நன்மை, தீமை என்ற பெரிய சொற்கள் மனிதர்களைவிட உயரமாக வளர்ந்துவிடுகின்றன. அர்ஜுன் ஏற்ற தீயவன் தன்னைத் தானே விளக்கிக்கொண்டே இருக்கிறான். நாயகியின் வெகுளித்தனத்தை என்னால் நம்பமுடியவில்லை. கடைசியில் வரும் கடற்சீற்றம், கடலை அறிந்தவர்களையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். வெளியானபோது படம் தோல்வியடைந்ததாம். அதற்கான காரணங்களும் எனக்குப் புரிகின்றன.

ஆனால் நான் பார்வையாளனாக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஊர் கூடித் தீர்ப்பளித்த காட்சியில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. பாதிரியாராக வேடமிட்டவரை விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தபின் அவர் கைபேசியை எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "அன்னைக்கு நான் ரெண்டாவது வரிசைலதான் வழக்கமா உக்காருவேன். அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் முதல் வரிசைக்கு வந்தேன். ஆராதனை முடிஞ்சதும் உங்ககிட்ட ஓடிவந்து அந்தப் படத்தைப் பத்திச் சொல்லணும்னு. அதுல வர்ற ஃபாதர், எங்க அப்பா செத்தப்ப எங்க வீட்டுக்கு வந்த நீங்க மாதிரியே இருந்தாரு ஐயா."

அன்பானவர்களே, முப்பத்து நான்கு ஆண்டு ஊழியத்தில் என்னைக் குறித்து எவரும் சொன்ன நல்வார்த்தைகளில் இதைவிடப் பெரியது இல்லை. அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எனக்கென்று கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவனை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"மன்னித்துவிடு தம்பி" என்றேன். அவர் தலையசைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மணி பார்த்தார். "பஸ்ஸு போயிடும் ஐயா" என்று எழுந்தார். வாசல்வரை சென்றேன். பையில் அவர் மனைவி கட்டிக்கொடுத்த சோறு இருந்தது. நண்டுக் குழம்பின் வாசம் வந்தது.

சபை நடுவே நிற்கவைத்தவன் தனியறையில் மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. ஆகவே மறுநாள் ஜூன் 15 ஆராதனையில், அதே இடத்தில் நின்று, நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அன்று வந்திருந்தவர்கள் அதைக் கேட்டீர்கள். அவர் அப்போது நடுக்கடலில் இருந்தார். மூன்றாம் வரிசையில் தாய் இருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். வெளியூரில் பிழைப்பவர்களும், வராமல் நின்றுபோனவர்களும் இதை அறியவேண்டும் என்பதற்காகவே இவ்வாரம் எழுத்திலும் வைக்கிறேன்.

எல்லாப் படங்களும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. குடியையும் வெட்டுக்குத்தையும் அழகுபடுத்தும் படங்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை, இனியும் சொல்வேன். ஆனால் பார்த்தபின் சொல்வேன். அல்லது பார்த்தவரிடம் கேட்டபின் சொல்வேன். கலிலேயாக் கரையில் மீனவரை அழைத்தவர், அவர்கள் வலை அலசிக்கொண்டிருந்த இடத்துக்கே சென்று, அவர்கள் படகிலேயே ஏறி உட்கார்ந்துதான் பேசினார். மக்களுக்குப் போதிக்கையில் கதை சொன்னார். கதை கேட்டு வந்த ஒரு பிள்ளையை அவருடைய ஊழியன் எப்படி நடத்தியிருக்கவேண்டும் என்பதை நான் இனி யாரிடமும் கேட்டறியவேண்டியதில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், எங்கே போனாய், யாரோடு போனாய் என்பதோடு, கதை என்ன என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். முழுவதும் கேளுங்கள். நடுவே குறுக்கிடாதீர்கள். அவர்கள் எந்த இடத்தில் குரல் தழுதழுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களைப் பற்றி நீங்கள் அறியவேண்டியது பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்கும்.

அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. வருவார் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதுமில்லை. கடலிலிருந்து கரை திரும்பியதும் தொலைபேசியில் அழைத்தார். அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு, "அடுத்த மாசம் ஒரு படம் வருதாம். நல்லாருக்குமான்னு தெரியலை. நான் ஊருக்கு வர்றப்ப பாக்கலாமா ஐயா?" என்றார். பார்க்கலாம் என்றேன். இம்முறை பேருந்துக் கட்டணம் என்னுடையது.

உங்கள் ஊழியன்,
ஏரிக்கரைச் சபையின் போதகர்